கடைமடை ஊர்கள் – 9: மாம்பழம் எங்கிருந்து வந்தது?

பழத்தால் பேர்பெற்ற ஊர் என்றதும் கண் தோப்பைத் தேடும். பண்ருட்டிக்குப் பலா, சேலத்துக்கு மாம்பழம் என்று மண்ணோடு சேர்த்தே பழத்தை அறிந்து பழகியிருக்கிறோம். காரைக்கால் இந்தக் கணக்குக்குள் வராது. அரசலாறு கடலைத் தொடும் கடைமடை இது. வயல் என்றால் நெல்வயல்தான். ஆனாலும் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி, பிச்சையேற்கும் கோலத்துச் சிவனான பிட்சாடனர் வீதியுலா வரும்போது, வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். கீழே நிற்கும் பெண்கள் முந்தானையில் ஏந்துகிறார்கள். மாம்பழத்துக்குப் பேர்போகாத மண்ணில் மாங்கனித் திருவிழா மட்டும் எப்படி மரபாகும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பதில் பெரியபுராணத்திலேயே இருக்கிறது.

அதில் சேக்கிழார் சொல்லும் காரைக்கால் அம்மையார் கதையில் மாமரமே கிடையாது. வணிகன் பரமதத்தனைக் காண வந்தவர்கள் இரண்டு மாங்கனிகளைக் கொடுக்கிறார்கள். அவன் அவற்றை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்குச் சோறு இருந்தது, கறி ஆகவில்லை. பரமதத்தனின் மனைவி புனிதவதி ஒரு பழத்தை வைத்து அமுது படைக்கிறாள். மிஞ்சிய பழத்தை உண்ட கணவன் இன்னொன்றும் கேட்கிறான். அவள் இறைவனை வேண்ட, கையில் ஒரு கனி வந்து சேர்கிறது. அதன் சுவை வேறாக இருக்கவே, இது எங்கே கிடைத்தது என்கிறான். அந்தக் கேள்வியில்தான் இல்லறம் முறிகிறது. அவன் கப்பலேறிப் போகிறான். அவள் பேயுருக் கொண்டு காரைக்கால் அம்மையார் ஆகிறாள். ஆக, முதல் இரண்டு பழங்கள் அன்பளிப்பு, மூன்றாவது அருள். மூன்றும் வெளியிலிருந்து வந்தவையே. சரக்கு வந்துபோகும் துறைமுக ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கதை அமையாது. விளைவித்ததைக் காட்டிப் பெருமைப்படுவது ஒரு மரபு. கைக்கு வந்ததை அடுத்த கைக்குக் கொடுப்பது இன்னொரு மரபு. காரைக்காலுடையது இரண்டாவது.

இதற்கு வலுவான மறுப்பு அம்மையாரின் பாடல்களிலிருந்தே எழும். அற்புதத் திருவந்தாதியின் 101 பாடல்களும் சிவனைப் பற்றியவை. மூத்த திருப்பதிகங்கள் திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் ஆடும் கூத்தைப் பாடுபவை. தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொண்டவர் அவர். எலும்பும் சாம்பலும் நிறைந்த அந்தக் கவிதையை விட்டுவிட்டு, பல நூற்றாண்டு கழித்து 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புராணத்தின் இனிப்பை மட்டும் ஊர் எடுத்துக்கொண்டதா? ஓரளவு உண்மைதான். சுடுகாட்டைத் தெருவில் கொண்டாட முடியாது, பழத்தை முடியும். ஆனால் ஊர் மறக்காத ஒன்று உண்டு. உலா வருபவர் அரச கோலத்துச் சிவன் அல்லர், ஓடேந்திய பிட்சாடனர். பிச்சை கேட்டு வருபவரைப் பழத்தோடு எதிர்கொள்ளும்போது, அன்று புனிதவதி செய்ததையே ஊர் முழுவதும் செய்கிறது. கூட்டத்தில் சில பழங்கள் மிதிபடலாம். எங்கிருந்து வந்தது என்று மட்டும் அன்று அங்கே எவரும் கேட்பதில்லை.