கறுப்புத் திரையில் கடிதம்: எங்கே சிக்குகிறது?

இலங்கைக்கு மின்னஞ்சல் வெறும் எழுத்தாகத்தான் வந்து சேர்ந்தது. லேர்ன் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு 1990இல் தொலைபேசி இணைப்பு வழியே பல்கலைக்கழகங்களுக்கு அந்தச் சேவையைத் தொடங்கியது. அதற்கு முன்னின்றவர் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவ. லேர்னின் அலுவலகம் இன்று கண்டிக்குப் பக்கத்தில், பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது.

படமும் பொத்தானும் இல்லாத மின்னஞ்சல் மென்பொருள்கள் இன்னும் வழக்கொழியவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் உருவாகத் தொடங்கிய பைன், 2007இல் ஆல்பைனாக மறுபிறவி எடுத்தது. மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் எழுதிய மட் என்ற மென்பொருளும் புழக்கத்தில் உள்ளது. இரண்டும் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஹந்தானை, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கம் மலை மறைத்து சிக்னல் மெலியும் இடங்களில் இவற்றின் அருமை தெரியும். ஆல்பைன் முதலில், அனுப்பியவர் பெயர், பொருள், திகதி ஆகியவற்றை மட்டும் இறக்கும். கடிதத்தோடு வந்த பெரிய கோப்பை நாம் கேட்டால்தான் எடுக்கும். டேட்டா மிச்சம்.

ஆனால், திடீரென ஒருநாள் இந்த மென்பொருள் வேலை செய்யாமல் போகலாம். உடனே மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறவர்களே அதிகம். பெரும்பாலும் அது வீண்வேலை. கடிதத்தை வாங்குவது, அனுப்புவது, எழுத்தைத் திரையில் காட்டுவது ஆகிய மூன்றும் தனித்தனி வேலைகள். எது நின்றது என்று பிரித்துப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் ஜிமெயில் உள்ளே விடவில்லையா? 2022 மே 30 முதல் கூகுள், சாதாரணக் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு உள்நுழையும் வெளி மென்பொருள்களைத் தனிநபர் கணக்குகளில் நிறுத்திவிட்டது. கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக் கடவுச்சொல் எனும் 16 எழுத்துக் குறியை வாங்கி, வழக்கமான கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கொடுக்கலாம்.

மின்னஞ்சல் சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று திரை சொன்னால் முதலில் கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய கணினியில் நாணயம் போன்ற சிறு பட்டரி செத்துவிட்டால், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அந்தத் திகதிப்படி சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! நேரத்தைத் திருத்தினால் வழி திறந்துவிடும்.

கடிதம் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால், அனுப்பும் வாசல் (போர்ட்) எண்ணில் கண் வையுங்கள். வாங்க 993, அனுப்ப 465 அல்லது 587. இதில் 465 தொடக்கத்திலிருந்தே பூட்டிய வழி. 587 பேசத் தொடங்கிய பிறகு பூட்டுவது. 465க்கு உரிய இடத்தில் 587இன் முறையைக் கொடுத்தால், இரு தரப்பும் மற்றவர் முதலில் பேசட்டும் என்று காத்திருக்கும். பிழைச் செய்தி உடனே வராது. திரை அப்படியே உறைந்து நிற்கும்.

தமிழருக்கே உரிய தலைவலி, மூன்றாவது வேலையான எழுத்தைத் திரையில் காட்டுவது. யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’ என்ற ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகள். அந்த இடத்தில் கேள்விக்குறிகளோ 340, 256, 225 என்ற எண்களோ வந்தால், பெரும்பாலும் கடிதம் பழுதாகவில்லை; டெர்மினல் எனும் உங்கள் கறுப்புத் திரையின் மொழி அமைப்பு யூடிஎஃப்-8இல் இல்லை, அவ்வளவுதான். அமைப்பை மாற்றிய பிறகும் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கலாம். டெர்மினல் திரை சம அகலக் கட்டங்களால் ஆனது. ‘கொ’, ‘ணை’ போன்றவை அதில் அடங்குவதில்லை. கொன்சோல் போன்ற வேறு டெர்மினலில் திறந்து பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் மசியாதது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அந்த எழுத்துருவில் தட்டிய ‘தமிழ்’ என்ற சொல், எழுத்துத் திரையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து விழும். காரணம், கோப்பில் உண்மையில் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகளே. பாமினி அவற்றுக்குத் தமிழ் வேடம் போடுகிறது. வாங்குபவர் எந்த அமைப்பைத் திருகினாலும் பயனில்லை. எழுத்துமாற்றியில் இட்டு யூனிகோடாக்கினால்தான் இந்தத் திரையில் படிக்க முடியும்.

ஆகவே, சிக்கல் வந்தால் திரையின் அடியில் வரும் பிழை வரியை முழுதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உதவி கேட்கும்போது அந்த வரியைக் காட்டுங்கள். கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். மற்றச் சிக்கல்கள் நம் கையில் தீரும். பாமினிச் சிக்கல் மட்டும் அனுப்புகிறவர் கையில் இருக்கிறது. இன்னும் பாமினியில் கடிதம் தட்டும் அலுவலகங்களும் பாடசாலைகளும் சங்கங்களும் இனியாவது யூனிகோடுக்கு மாற வேண்டும்.