எதிரிக்கும் சொல்ல வேண்டிய ரகசியம்

ஆங்கில நாளிதழ் வாங்கும் வாசகர் ஒருவர், அதில் வரும் பிரிட்ஜ் பத்தியை வெட்டி ஒட்டிக் கடிதம் அனுப்பியிருக்கிறார். தெற்கு ஒரு நோ டிரம்ப் கேட்டாராம், வடக்கு ஸ்டேமன் போட்டாராம், மேற்கு பாஸாம், கடைசியில் தெற்கு ஒரு ஃபினெஸ் செய்து ஸ்லாம் அடித்தாராம். “திசை நான்கும் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் எந்த மொழி?” என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

துருப்பு என்றால் என்ன, இறங்கிய இனத்தையே ஏன் இறக்க வேண்டும், கையில் அந்த இனம் இல்லாவிட்டால் எப்படி வெட்டுவது என்பதெல்லாம் நம்மில் பலருக்குத் திண்ணையிலேயே பாடமானவை. முன்னூற்று நாலு ஆடிய யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு ஏலம் கேட்பதும் பழக்கம். எனவே நேராக பிரிட்ஜுக்கு வருகிறேன். எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. முதலில் ஏலம், பிறகு ஆட்டம். ‘மூன்று ஆட்டின்’ என்று கேட்டால், ஆட்டினைத் துருப்பாக வைத்து 13 பிடிகளில் ஒன்பதை எடுப்பேன் என்று பொருள். முதல் ஆறு பிடி சொல்லாமலே சேர்ந்துகொள்ளும். அதற்கு மேல் மூன்று. துருப்பே வேண்டாம் என்றால் நோ டிரம்ப். ஏலத்தை எடுத்து ஆடுபவர் டிக்ளேரர். அவருடைய கூட்டாளிதான் டம்மி. எதிரணி முதல் சீட்டை இறக்கியதும் டம்மி தன் கையை மேசையில் விரித்துவிட வேண்டும். அதையும் டிக்ளேரரே ஆடுவார்.

ஒரு இனத்தில் சீட்டே இல்லாவிட்டால் வாய்ட், ஒன்றே இருந்தால் சிங்கிள்டன், இரண்டென்றால் டபிள்டன். டம்மியில் ஏஸும் ராணியும் இருக்க, ராஜா டம்மிக்கு முன்னால் ஆடும் எதிரியிடம் இருக்கும் என்று கணித்து, ராணியைப் போட்டே பிடியை எடுக்கப் பார்ப்பது ஃபினெஸ். வேறு தடயம் இல்லையென்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பன்னிரண்டு பிடி எடுப்பேன் என்று கேட்டு எடுத்தால் ஸ்மால் ஸ்லாம். பதின்மூன்றும் என்றால் கிராண்ட் ஸ்லாம். டென்னிஸில் நாம் பேசும் கிராண்ட் ஸ்லாம் 1930களில் இந்த மேசையிலிருந்து போனதுதான்.

ஒன்பதுக்கு மேல் ஒரு சீட்டுகூட இல்லாத கை யார்பரோ. அந்தப் பெயருடைய இங்கிலாந்துப் பிரபு ஒருவர், இப்படிப்பட்ட கை வராது என்று ஒன்றுக்கு ஆயிரம் பந்தயம் கட்டுவாராம். கணக்குப்படி 1,828 கைகளுக்கு ஒன்றுதான் அப்படி வரும். பிரபு நஷ்டப்பட்டிருக்க மாட்டார்! கேம் என்ற எல்லையைத் தொட்டதால் வெகுமதியும் தண்டனையும் கூடிவிட்ட அணியை ‘வல்னரபிள்’ என்பார்கள். 1925இல் ஹெரால்டு வாண்டர்பில்ட் பனாமா கால்வாய் வழியாகக் கப்பலில் போகும்போது இன்றைய பிரிட்ஜுக்கான புள்ளிக் கணக்கை அமைத்தார். ‘வல்னரபிள்’ என்ற சொல்லைக் கொடுத்தவர் கூடப் பயணம் செய்த ஓர் இளம்பெண். அவர் பெயர் வாண்டர்பில்ட்டுக்கே பிறகு நினைவில்லை.

இதுவரை சொன்னவை எந்த அகராதியிலும் கிடைக்கும். என்னைப் பல வருஷமாகப் பிடித்து வைத்திருப்பது ஏலத்தில் நடக்கும் பேச்சு.

பிரிட்ஜ் ஏலத்தில் பேச அனுமதி பதினைந்தே சொற்களுக்கு. ஒன்று முதல் ஏழு வரை எண்கள். கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட், நோ டிரம்ப். பாஸ், டபுள், ரீடபுள். இவற்றைக் கோத்தால் கிடைப்பது 38 அழைப்புகள். ஒருவருக்கு வரக்கூடிய கைகளோ 63,501 கோடிக்கும் மேல். குரலின் ஏற்ற இறக்கத்தில்கூடச் செய்தி போய்விடக் கூடாது என்று, இப்போது வாயும் திறப்பதில்லை. சுவீடனில் பிறந்த பிடிங் பாக்ஸிலிருந்து அட்டையை எடுத்து வைக்கிறார்கள்.

சொல் பற்றாக்குறைக்கு ஆட்டக்காரர்கள் கண்ட வழி, சொல்லின் நேர்ப்பொருளை எடுத்துவிட்டு வேறு பொருள் ஏற்றுவது. இதற்குக் கன்வென்ஷன் என்று பெயர். கூட்டாளி ஒரு நோ டிரம்ப் கேட்கிறார். நான் ‘இரண்டு கிளாவர்’ என்கிறேன். என் கையில் கிளாவர் இருக்கிறதா என்பது இங்கே பேச்சே இல்லை. “உங்களிடம் ஆட்டினோ இஸ்பேடோ நான்கு உண்டா?” என்பதுதான் கேள்வி. அவர் ‘இரண்டு டைமன்’ என்றால் ‘இல்லை’ என்று பதில். அதற்கும் டைமனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இதுதான் ஸ்டேமன். 1945இல் சாம் ஸ்டேமன் பத்திரிகையில் எழுதினார், அவர் பெயரே நின்றுவிட்டது. உண்மையில் அமெரிக்காவில் அதை உருவாக்கியவர் அவருடைய கூட்டாளி ஜார்ஜ் ரபே. இங்கிலாந்தில் ஜாக் மார்க்ஸும் தனியே இதே முறையைக் கண்டிருந்தார். எழுதியவனுக்குத்தான் பெயர்! அதுபோல ‘நான்கு நோ டிரம்ப்’ என்றால் “எத்தனை ஏஸ் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்பது பிளாக்வுட்.

சிறுவயதில் அப்பாவோடு மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். தரகர் இருவர் கைகோத்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, விரலை அழுத்தியே விலை பேசுவார்கள். மாட்டுக்காரர் வேடிக்கைதான் பார்க்க முடியும். பிரிட்ஜிலும் விரலளவு சொற்களில் பெரிய பேரம் நடக்கிறது. ஆனால் இங்கே துண்டு போடக் கூடாது என்பதே சட்டம்.

கூட்டாளிகள் தங்களுக்குள் சங்கேதம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் பொருள் எதிரணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அட்டையில் எழுதி மேசையில் வைக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான அழைப்பு வந்தால் ‘அலர்ட்’ என்று எச்சரிக்க வேண்டும். விவரம் நாட்டுக்கு நாடு மாறும், கொள்கை மாறாது. எதிரி கேட்டால் விளக்குகிறவர் அழைத்தவர் அல்ல, அவருடைய கூட்டாளி. ‘என் கையில் இது இருக்கிறது’ என்பது வெளியே வரத் தேவையில்லை. ‘எங்களுக்குள் இதற்கு இதுதான் பொருள்’ என்பது மட்டும் வந்தால் போதும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. என் கூட்டாளி என் அழைப்பைத் தவறாக விளக்குகிறார் என்று வையுங்கள். நான் முகம் சுளிக்கக் கூடாது. அந்த விளக்கம் என் காதில் விழாதது போலவே மேற்கொண்டு கேட்க வேண்டும். ஏலம் நாங்கள் எடுத்திருந்தால், எதிரி முதல் சீட்டு இறக்கும் முன் பிழையை நானே அறிவிக்க வேண்டும். எதிரணியாக ஆடினால், ஆட்டம் முடிந்தபின்தான் சொல்லலாம். முன்பே சொன்னால் கூட்டாளிக்குத் துப்புக் கொடுத்ததாகிவிடும். தன் பிழையால் எதிரி ஏமாறக் கூடாது என்று இவ்வளவு கவலைப்படும் இன்னொரு ஆட்டம் எனக்குத் தெரியாது.

ஏமாற்று இல்லையா? உண்டு. 1975 பெர்முடா பௌல் உலக பிரிட்ஜ் போட்டியில் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை கட்டினார்கள். திரைக்குக் கீழே ஒரு ஜோடியின் கால் பேசியது பிடிபட்டது. அதன்பின் மேசைக்கு அடியிலும் மறைப்பு வந்தது.

சீட்டைத் தொட்டாலே குடி கெடும் என்று வளர்ந்த ஊர் நம்முடையது. பணம் வைத்து ஆடிச் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்த ஊர் அப்படித்தான் சொல்லும். அதற்காக எல்லாச் சீட்டையும் ஒரே கட்டில் கட்டிவிடக் கூடாது. ரம்மி திறமை ஆட்டமா என்று 1967இல் தீர்ப்பளித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்பிட எடுத்துக்கொண்டது பிரிட்ஜைத்தான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணப் பர்தனுக்கு வயது 60, சிப்நாத் சர்க்காருக்கு 56. நம் பள்ளிகளில் சதுரங்கத்துக்கு இருக்கும் மரியாதையில் கால்வாசி இதற்குக் கிடைத்தாலும், கூட்டாளியை நம்பவும் எதிரியிடம் நேர்மையாக இருக்கவும் பிள்ளைகள் பழகுவார்கள்.

பெரியவர்களுக்கும் இந்தப் பாடம் தேவை. என் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தில் கோ-பே, சப்-லிமிட், வெயிட்டிங் பீரியட் என்று வரிசையாகக் கிடக்கிறது. பொருள் கேட்டபோது, “அதெல்லாம் எல்லாத்திலயும் இருக்கிறதுதான் சார்” என்று முகவர் கையெழுத்துக்கு இடம் காட்டினார். ஒவ்வொரு தொழிலுக்கும் தனிச் சொற்கள் வேண்டும்தான். மருத்துவரும் வக்கீலும் வங்கிக்காரரும் அவை இல்லாமல் வேலை செய்ய முடியாது. சொல் வைத்திருப்பது தவறில்லை, பொருளை மறைப்பதுதான் தவறு.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மேசைக்கு எதிரே இருப்பவர் புரியாத சொல்லைப் போட்டால், தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். “இதற்கு உங்களுக்குள் என்ன பொருள்?” என்று கேளுங்கள். பிரிட்ஜ் மேசையில் அது எதிரிக்கே உள்ள உரிமை. நீங்கள் எதிரிகூட இல்லை, பணம் கட்டுகிறவர்.