‘உப்புத் தண்ணி குளம்தானே, குளோரின் எதுக்கு?’ - கொங்கு நீச்சல்குளங்களில் கவனிக்க வேண்டியவை!

அவிநாசிக்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குளத்தில் குளிக்கப் போன இரண்டு சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சில ஆண்டுகள் கழித்து ஊருக்கு வந்த சுந்தரர், ஒரு வீட்டில் பூணூல் கல்யாணச் சத்தத்தையும் எதிர்வீட்டில் அழுகையையும் ஒருசேரக் கேட்டார். விஷயம் தெரிந்து பதிகம் பாட, முதலை பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தது என்பது ஐதீகம்.

முதலையாவது கண்ணுக்குத் தெரியும். 2024-ம் ஆண்டு மே முதல் ஜூலை வரை, பக்கத்துக் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலுக்கு மூன்று பிள்ளைகள் பலியானார்கள். தண்ணீரில் வாழும் அமீபா, மூக்கு வழியாக மூளைக்குப் போய்த் தாக்கும் நோய் அது. அபூர்வமாகத்தான் வரும், வந்தால் பிழைப்பது கடினம். அந்தச் செய்திகளுக்குப் பிறகு நீச்சல்குளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், ‘தண்ணியில குளோரின் போடுறீங்களா?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், பல இடங்களில் கிடைக்கும் பதில்தான் சரியில்லை. “இது சால்ட் வாட்டர் பூல்ங்க. கெமிக்கலே கிடையாது!”

முதுகில் சுரைக்குடுவையைக் கட்டி, கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கிய ஊர்கள் இவை. கிணறுகள் வற்றி, போர் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்ட காலத்தில், பிள்ளைகள் நீந்துவது ரிசார்ட்டிலும் பள்ளியிலும் தோட்டத்து வீட்டிலும் கட்டிய நீலநிறத் தொட்டிகளில்தான். அவற்றில் சிலவற்றின் பம்ப் ரூமில், ஃபில்டருக்கு அடுத்தபடியாகக் குழாயோடு சேர்த்துப் பொருத்திய கண்ணாடி போன்ற ஓர் உருளை இருக்கும். அதுதான் சால்ட் குளோரினேட்டரின் ‘செல்’.

உப்பிலிருந்து பிறக்கும் குளோரின்

செல்லுக்குள் இருப்பவை டைட்டானியம் தகடுகள். உப்புக் கலந்த தண்ணீர் அவற்றின் நடுவே ஓடும்போது மின்சாரம் பாய்ச்சினால், சோடியம் குளோரைடு பிரிந்து குளோரின் உண்டாகிறது. அது தண்ணீரில் கரைந்து கிருமிகளைக் கொல்கிறது. வேலை முடிந்ததும் மறுபடி உப்பாகவே மாறிவிடுகிறது. அதனால்தான் அடிக்கடி உப்பு கொட்ட வேண்டியதில்லை. ஆக, ‘சால்ட் பூல்’ என்பது குளோரின் இல்லாத குளம் அல்ல. டப்பாவில் வாங்கி ஊற்றுவதற்குப் பதிலாக, குளோரினை அங்கேயே தயாரித்துக்கொள்ளும் குளம்.

கொங்கு மண்ணுக்கு இந்த வித்தை புதிதும் அல்ல. உப்பிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கும் வேலை, மேட்டூரில் 1940-களிலேயே நடந்திருக்கிறது. அன்றைய தொழிற்சாலைகளில் கிராஃபைட் கட்டைகள்தான் மின்முனை. அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும். 1960-களில் ஹென்றி பீர் என்பவர் டைட்டானியத்தின்மேல் ருத்தேனியம் ஆக்சைடு பூசும் முறையைக் கண்டுபிடித்த பிறகே, தேயாத மின்முனை கிடைத்தது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இந்த வகை டைட்டானிய மின்முனையை நம் நாட்டிலேயே உருவாக்கியது. நீச்சல்குளத்து செல்லில் இருப்பதும் அதே குடும்பத்துத் தகடுதான். விலை முழுக்க அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. பூச்சு போனால் செல் போச்சு.

எந்த உப்பு?

இங்கேதான் கொங்குப் பேச்சுவழக்கு ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. குடிக்க முடியாத போர் தண்ணீரை இந்தப் பக்கம் ‘உப்புத் தண்ணி’ என்பார்கள். வாட்டர் ஹீட்டரிலும் குழாயிலும் வெள்ளையாகப் படிவதையும் ‘உப்பு’ என்றே சொல்வார்கள். “எங்க போர்லயே வேணும்ங்கிற அளவுக்கு உப்பு இருக்குங்களே, அப்படியே விட்டுக்கலாமா?” என்ற கேள்வி அதனால்தான் வருகிறது.

ஹீட்டரில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். செல்லுக்கு வேண்டியது சோடியம் குளோரைடு. முன்னது அதற்கு எதிரி, பின்னது தீனி. இயந்திரத்துக்கு இந்த வித்தியாசம் முழுதாகத் தெரியாது. பெரும்பாலான மாடல்கள், தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை அளந்து, அதை உப்பு அளவாக மாற்றித் திரையில் காட்டுகின்றன. கால்சியம், மெக்னீசியம், சல்ஃபேட் என்று எது கரைந்திருந்தாலும் அந்த எண் ஏறும். திரையில் 3,500 என்று இருக்கும். குளோரின் போதிய அளவு உற்பத்தியாகாது. முதல் முறை குளத்தை நிரப்பும்போது, போர் தண்ணீரை லேபில் கொடுத்து குளோரைடும் கால்சியம் கடினத்தன்மையும் பார்த்துவிடுவது இதற்காகத்தான். டி.டி.எஸ். மீட்டர் மட்டும் போதாது.

பெரும்பாலான செல்கள் 3,000 முதல் 4,000 பி.பி.எம். உப்பில் வேலை செய்யும். கடல்நீர் சுமார் 35,000. கண்ணீர் சுமார் 9,000. நாக்கில் லேசாகக் கரிக்கும், அவ்வளவுதான். கணக்கு சுலபம்: ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ உப்பு என்றால் 1,000 பி.பி.எம். ஐம்பதாயிரம் லிட்டர் குளத்தில், தண்ணீரிலேயே 500 பி.பி.எம். உப்பு இருந்து, 3,500 வேண்டும் என்றால் 150 கிலோ. அதாவது, மூன்று 50 கிலோ மூட்டை.

மலிவு என்று சந்தையில் கிடைக்கும் கல்லுப்பைக் கொட்டினால், அதிலுள்ள கால்சியமும் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். அயோடின் கலக்காத, சுத்திகரித்த உப்பைக் கேட்டு வாங்க வேண்டும். செல்லை அணைத்துவிட்டு, பம்ப்பை மட்டும் ஒருநாள் ஓடவிட்டு, அடியில் தங்கும் உப்பைப் பிரஷ்ஷால் தள்ளிக் கரைத்த பிறகே செல்லைப் போட வேண்டும்.

வெள்ளைப் படிவமும் ஆசிட் பாட்டிலும்

மின்சாரம் பாயும்போது குளோரினோடு காரமும் உண்டாகிறது. அதனால் சால்ட் பூலில் பி.ஹெச். ஏறிக்கொண்டே போகும். இது அதன் சுபாவம். பி.ஹெச். 7.8-ஐத் தாண்டினால், இரண்டு கெடுதல். குளோரின் இருந்தும் கிருமியைக் கொல்லும் வேகம் குறையும். கடினநீரில் உள்ள கால்சியம் தகடுகளின்மேல் பாறைபோல் படியும். 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் நிறுத்தி வைத்தால், செல்லைக் கழுவும் வேலையில் பாதி மிச்சம். மின்துருவத்தைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே மாற்றிப் படிவத்தை உதிர்க்கும் வசதி பல மாடல்களில் உண்டு. அவிநாசி, அன்னூர் பக்கத்துக் கடின நீருக்கு அது மட்டும் போதாது. சில வாரங்களுக்கு ஒருமுறை செல்லைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது.

படிவம் இருந்தால் முதலில் ஹோஸ் தண்ணீரை வேகமாக அடித்துப் பார்க்க வேண்டும். போகவில்லை என்றால்தான் ஆசிட். மெயின் சுவிட்ச்சை அணைத்து, செல்லைக் கழற்றி, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில் செய்ய வேண்டிய வேலை. பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்ற வேண்டும்; ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. நுரை அடங்கியதும் எடுத்து நன்றாகக் கழுவ வேண்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மாதாமாதம் ஆசிட்டில் ஊறப்போட்டால், படிவத்தோடு பூச்சும் போய்விடும். கத்தி, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுவது அதைவிட மோசம்.

பம்ப் ரூமில் ஆசிட் கேனும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது பல இடங்களில் வழக்கம். இரண்டும் கலந்தால், அந்த நிமிடமே குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிரைக் குடிக்கும். இரண்டையும் ஒரே வாளியால் அள்ளுவதுகூட ஆபத்து. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பராமரிப்பாளர்தான் அந்த அறைக்குள் தினமும் போகிறவர். கையுறையும் காற்றோட்டமும் அவருக்கு உரிமையாளர் செய்துகொடுக்க வேண்டியவை. செல்லில் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகும் என்பதால், தண்ணீர் ஓடாதபோது மின்சாரத்தை நிறுத்தும் ‘ஃப்ளோ சுவிட்ச்’ இருக்கிறது. அது அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ஒயரை நேராக இணைத்துவிடும் ‘கைவைத்தியம்’ வெடி வைப்பதற்குச் சமம்.

கண் எரிந்தால்…

குழந்தையின் கண் சிவந்தால், ‘குளோரின் ஜாஸ்தி’ என்று சொல்லி மெஷினைக் குறைத்துவிடுகிறார்கள். பல நேரங்களில் உண்மை தலைகீழ். வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து குளோரின் ‘குளோராமின்’ ஆகிவிட்டால்தான் அந்த நெடியும் எரிச்சலும். அப்போது வேண்டியது கூடுதல் குளோரின். குளத்தில் இறங்கும் முன் ஷவரில் குளித்தால் பாதிப் பிரச்னை வராது.

திரையில் பச்சை விளக்கு எரிவது, செல் ஓடுகிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. டெஸ்ட் கிட்டில் தினமும் பார்க்க வேண்டும். குளோரின் குறைந்தது 1 பி.பி.எம்., வெயிலில் கரையாமல் இருக்க ஸ்டெபிலைசர் போட்ட குளத்தில் குறைந்தது 2 என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். ஸ்டெபிலைசரே போடாவிட்டால், கொங்கு வெயில் இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலான குளோரினைத் தின்றுவிடும். கோடை விடுமுறையில் ஒரே நாளில் ஐம்பது பிள்ளைகள் இறங்கினால் செல்லால் ஈடுகொடுக்க முடியாது. அன்றைக்கு லிக்விட் குளோரின்தான் கைகொடுக்கும். வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தையை எந்தக் குளத்திலும் இறக்கக் கூடாது. ஈ.கோலை சரியான குளோரினில் ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் கிருமியோ பத்து நாள்கூடத் தாங்கும்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

ஃபில்டரை பேக்வாஷ் செய்யும்போது, உப்பும் சேர்ந்து வெளியேறுகிறது. தோட்டத்து வீடு என்றால் அதை வாய்க்காலில் திருப்பிவிடத் தோன்றும். தென்னை ஓரளவு தாங்கும். வாழை, காய்கறிகள் கருகும். உப்பு நிலத்தை என்ன செய்யும் என்று திருப்பூர் மாவட்டத்துக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை; சாயக்கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைத்தபோது, 1,045 குளம் குட்டைகளுக்கு பவானித் தண்ணீர் வரும் என்று இந்த மண் மகிழ்ந்ததும் நிலத்தடி நீர் கொஞ்சமாவது நல்ல தண்ணியாக மாறும் என்ற நம்பிக்கையில்தான்.

ஐம்பதாயிரம் லிட்டர் குளத்தை ஒருமுறை முழுதாகக் காலி செய்தால், 150 கிலோவுக்கு மேல் உப்பு எங்கோ ஓரிடத்தில் இறங்குகிறது. அது இறங்கும் இடத்திலிருந்து பக்கத்துத் தோட்டத்துக் கிணறு எத்தனை அடி என்பதை, குளத்துக்குக் குழி தோண்டும் முன்பே அளந்துவிட வேண்டும்.