சுருளும் புகைப்படம்: உலர்த்துவதும் நிமிர்த்துவதும்

பரணில் கிடந்த தகரப் பெட்டியைத் திறக்கிறீர்கள். உள்ளே ஒரு பழைய புகைப்படம் குழல்போலச் சுருண்டு கிடக்கிறது. தாத்தா பள்ளியில் படித்தபோது எடுத்த குழுப்படமாக இருக்கலாம். ஆவல் தாங்காமல் இரு கைகளாலும் பிடித்து விரிக்கிறீர்கள். 'படக்' என்று ஓர் ஓசை! முகங்களின் குறுக்கே வெண்ணிற வெடிப்புகள் ஓடிவிட்டன. நெகட்டிவ் தொலைந்திருந்தால் அந்தப் படத்துக்கு வேறு பிரதி கிடையாது.

புகைப்படம் ஏன் சுருள்கிறது? விரித்தால் ஏன் வெடிக்கிறது? இரண்டுக்கும் விடை ஒரே பொருளில் இருக்கிறது. அதுதான் ஜெலட்டின்.

அடுக்குகளின் இழுபறி

கறுப்பு-வெள்ளைப் படம் வெறும் தாள் அன்று. அடியில் நாரிழைத் தாள். அதன்மேல் பேரியம் சல்பேட் கலந்த வெண்பூச்சு. அதற்கும் மேலே, படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்களைத் தாங்கிய ஜெலட்டின் படலம். 1871-ஆம் ஆண்டு ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டினைக் கொண்டு புகைப்படத் தகடுகளைச் செய்யும் முறையை வெளியிட்டார். அதன்பின் புகைப்படத் தாள்களிலும் ஜெலட்டினே நிலைத்துவிட்டது.

ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் கிடைப்பது. தச்சர்கள் காய்ச்சிப் பயன்படுத்தும் வச்சிரப் பசைக்கு இது நெருங்கிய உறவு. தண்ணீரில் இட்டால் தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சி உப்பும். உலரும்போது வெகுவாகச் சுருங்கும். தாளும் சுருங்கும், ஆனால் அவ்வளவு சுருங்காது. எனவே ஜெலட்டின் இருக்கும் பக்கம் இழுபடுகிறது. படம் முகத்தை உள்ளே வைத்துச் சுருண்டுகொள்கிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். மெல்லிய தாள் ஒன்றின் ஒரு பக்கத்தில் மட்டும் கோந்தைத் தடவிக் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் அது கோந்துப் பக்கமாக வளைந்திருப்பதைக் காண்பீர்கள்.

வெடிப்புக்கும் நீரே காரணம். அஃதாவது, நீர் இல்லாமையே காரணம். ஜெலட்டினில் தங்கியிருக்கும் சிறிதளவு ஈரம்தான் அதற்கு நெகிழ்ச்சியைத் தருகிறது. அது குறைந்தால் படலம் அப்பளம்போல நொறுங்கும்.

இருட்டறையில் உலர்த்தும் முறை

இன்றும் இருட்டறையில் படம் அச்சிடுவோர் இருக்கின்றனர். அவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது கழுவுதல். ஹைப்போ தங்கிவிட்டால் நாளடைவில் படம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். உலர்த்தப் பயன்படும் துணியிலும் ஒற்றுத்தாளிலும் அது ஏறி, அடுத்த படங்களையும் கெடுக்கும்.

கழுவிய படத்தைச் சுத்தமான கண்ணாடியின்மீது வைத்து, ரப்பர் வழிப்பானால் இருபுறமும் நீரை மெல்ல வழித்தெடுங்கள். நீர்த்துளிகள் தங்கினால் அந்த இடம் தாமதமாக உலர்ந்து தழும்பு விழும். ஈர ஜெலட்டின் மிக மென்மையானது. நகம் பட்டாலும் கீறிவிடும்.

பிறகு, கொசுவலை போன்ற சுத்தமான கண்ணாடியிழை வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் படத்தை முகம் கீழாகப் பரப்புங்கள். மின்விசிறியும் வெயிலும் வேண்டாம். வேகமாக உலர்ந்தால் சுருளலும் மிகும். ஓர் இரவு பொறுத்திருங்கள். செய்தித்தாளில் உலர்த்துவது கூடவே கூடாது. அச்சு மை படத்தில் ஒட்டும்.

இன்னொரு வழி, ஈரப்படத்தைக் கண்ணாடியில் முகம் மேலாக வைத்து, நீர் பட்டால் ஒட்டும் தாள்நாடாவால் நான்கு ஓரங்களையும் ஒட்டிவிடுவது. படம் உலர உலர, மத்தளத் தோலைப்போல விறைத்துத் தட்டையாகும். பின்னர் ஓரங்களை வெட்டி எடுக்கலாம். இதற்காக முன்னதாகவே அகலமான வெள்ளை ஓரம் விட்டு அச்சிட வேண்டும்.

1970-களில் பரவிய பிளாஸ்டிக் பூசிய தாளுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. தாளின் இருபுறமும் பாலித்தீன் பூச்சு இருப்பதால் நீர் உட்புகுவதில்லை. முகம் மேலாக வைத்தால் விரைவில் உலரும். ஆனால் சூடான உலர்த்தியில் இடாதீர்கள். இப்பூச்சு சுமார் 110 பாகை செல்சியஸில் உருகக்கூடியது.

சுருண்டதை நிமிர்த்துதல்

உலர்ந்த புதுப்படம் சற்றே வளைந்திருந்தால், சுத்தமான இரு அட்டைகளுக்கிடையே வைத்து, கனமான நூல்களை மேலே அடுக்கிச் சில நாள் விடுங்கள், போதும். இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள்.

பழைய, இறுகச் சுருண்ட படத்துக்கு முதலில் ஈரத்தைத் திருப்பித் தர வேண்டும். நீராக அல்ல, நீராவியாக. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஈரப்பஞ்சை வையுங்கள். அதற்கு மேலே ஒரு தட்டியில், நீர் படாதவாறு படத்தை வைத்து மூடுங்கள். அடிக்கடி திறந்து பாருங்கள். சில மணி நேரத்தில் படம் தளர்ந்து கொடுக்கும். அப்போது மெல்ல விரித்து, ஒட்டாத சிலிக்கோன் தாளை முகத்தின்மேல் இட்டு, ஒற்றுத்தாள்களுக்கிடையே பாரம் ஏற்றுங்கள். ஈரம் மிகுந்தால் ஜெலட்டின் பிசுபிசுக்கும். நீண்ட நேரம் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பளபளப்பு மங்கவும் கூடும். ஆகவே முக்கியமில்லாத ஒரு படத்தில் முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

பூஞ்சணம் பிடித்த படம், படலம் உரியும் படம், சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படம் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். கண்ணாடியோடு ஒட்டியதை அப்படியே கேமராவால் படமெடுத்துக்கொண்டு, பாதுகாப்புக் கலை அறிந்தவரிடம் கொடுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஜெலட்டின் கண்ணாடியைப் பற்றிக்கொள்வது இயல்பு. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை ஓரம் ஒன்று வைத்துச் சட்டமிட்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

அடுத்த முறை அந்தத் தகரப் பெட்டியைத் திறக்கும்போது, கைகள் பரபரக்கும். சற்றுப் பொறுங்கள். பல ஆண்டுகள் காத்திருந்த தாத்தா, இன்னும் ஒரு நாள் காத்திருப்பார்.