பனியில் வழுக்காமல் நடக்க: குளிர் நாடுகளில் இருக்கும் பிள்ளைகளும் பார்க்கப் போகும் பெற்றோரும் அறிய வேண்டியவை

மகளின் பிரசவத்துக்காக டிசம்பர் மாதம் திண்டுக்கல்லில் இருந்து கனடா புறப்படும் ஓர் அம்மாவின் பெட்டியில் என்னென்ன இருக்கும்? பிரசவ மருந்துச் சாமான், கருப்பட்டி, இட்லிப் பொடி, பிறக்கப் போகும் பிள்ளைக்குத் துணிமணி, இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளிக் குல்லா. குளிரைப் பற்றிய கவலையெல்லாம் உடம்போடு நின்றுவிடுகிறது. காலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் அங்கே இறங்கியதும் முதல் ஆபத்து காலடியில்தான் இருக்கிறது.

நம் மாவட்டத்திலேயே கொடைக்கானல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அங்கே புல்வெளியில் உறைபனி படரும். வெயில் ஏறியதும் அது காணாமல் போய்விடும். அதைப் பார்த்துவிட்டு "பனிதானே" என்று நினைத்தால் ஏமாந்து போவோம். டொராண்டோ போன்ற ஊர்களில் தரையில் கிடப்பது கறிக்கடை, மீன்கடை ஐஸ் பாளம் போன்ற கெட்டியான ஐஸ். அது நடைபாதையிலும், வீட்டு வாசற்படியிலும், கார் நிறுத்துமிடத்திலும் நாள்கணக்கில் கிடக்கும்.

ஏன் இப்படி வழுக்குகிறது?

ஐஸின் மேற்பரப்பில் மிக மெல்லிய ஈரப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். செருப்பின் ரப்பர் அந்தப் படலத்தின் மேல்தான் உட்காருகிறது. அதனால் தரையைப் பிடிக்க முடியாமல் சறுக்குகிறது. குளிர் கூடக் கூட வழுக்கலும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியல்ல. பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி, ஐஸ் லேசாக உருகி நீர் மேலே நிற்கும் நேரம்தான் மிக மோசமானது. பகலில் உருகிய பனி இரவில் மறுபடி உறைந்து, மறுநாள் காலை கண்ணாடி போலக் கிடக்கும். தார் ரோட்டின் கறுப்பு அதன் ஊடாகத் தெரிவதால் ஐஸ் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. வெறும் ஈரம் என்று நினைத்துக் காலை வைப்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

மழையே உறைந்துவிடும் நாட்களும் உண்டு. 2013 டிசம்பரில் டொராண்டோவில் அப்படி மழை பெய்து மரம், மின்கம்பி, படிக்கட்டு எல்லாவற்றையும் ஐஸ் மூடியது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது.

இதில் தொழுகையாளிகள் கவனிக்க வேண்டியது ஒன்று. டிசம்பர் இறுதியில் டொராண்டோவில் சூரியன் உதிக்கவே காலை 7.50 மணி ஆகிவிடும். மக்ரிப் மாலை 4.45 மணி வாக்கிலேயே வந்துவிடும். அதனால் ஃபஜ்ர், மக்ரிப், இஷா மூன்றுக்கும் பள்ளிக்குப் போகவோ திரும்பவோ இருட்டில்தான் நடக்க வேண்டும்.

நல்ல ஷூ வாங்கினால் போதாதா?

தோல் பதனிடும் தொழில் தெரிந்த ஊர் நம்முடையது. எவ்வளவு நல்ல தோல் என்றாலும், வழவழப்பான தோல் அடிப்பாகம் ஐஸில் நிற்காது என்பதை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் "குளிர்கால ஷூ" என்று பெயர் போட்டு விற்பவையும் பெரும்பாலும் நிற்பதில்லை. டொராண்டோ மறுவாழ்வு ஆய்வு நிறுவனத்தில் ஐஸ் தரையுடன் கூடிய சாய்வான ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே ஆட்களை நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் கால் சறுக்குகிறது என்று பார்க்கிறார்கள். 2016-ல் 98 வகைக் குளிர்கால ஷூக்களின் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஷூ குளிரில் இருந்து காக்கும். வழுக்கலில் இருந்தும் காக்கும் என்று சொல்ல முடியாது.

ஷூவின் மேல் மாட்டும் பிடிமானம்

இதற்குத்தான் ஷூவின் மேலேயே மாட்டிக்கொள்ளும் ஒரு சாதனம் இருக்கிறது. கடையில் "ஐஸ் கிளீட்ஸ்" என்று கேட்டால் தருவார்கள். இழுபடும் ரப்பர் வளையம் ஷூவைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அடியில் இரும்புக் கம்பியோ முள்ளோ இருக்கும். நம் உடல் எடை முழுவதும் அந்தச் சிறு முனைகளின் மேல் இறங்குவதால் அவை ஈரப் படலத்தைத் தாண்டி ஐஸில் பதிந்துவிடும்.

இந்த யோசனை புதிதல்ல. காஷ்மீரில் முன்பு நெல் வைக்கோலைத் திரித்துப் பின்னிய "புல்ஹோர்" என்ற காலணியைப் போட்டுக்கொண்டு பனியில் நடந்தார்கள். நம் பக்கம் மாட்டுக்குப் போடும் அதே வைக்கோல் அங்கே காலுக்குப் பிடிமானம் தந்தது.

இது உண்மையிலேயே பயன் தருமா? முன்பே விழுந்த அனுபவம் உள்ள, 65 வயதைத் தாண்டியவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. கம்பிச் சுருள் உள்ள கிளீட்ஸ் போட்டவர்கள் வெளியில் விழுவது, வழக்கமான ஷூவோடு நடந்தவர்களைவிடப் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது.

எதை வாங்குவது?

கம்பிச் சுருள் வகை: லேசானது. மிதித்துக் கெட்டியான பனியில், சமமான நடைபாதையில் நன்றாக உழைக்கும். பள்ளிக்கும் கடைக்கும் போய்வர இது போதும். கண்ணாடி போன்ற ஐஸில் இதன் பிடி குறைவு.

சிறு முள் வகை: ரப்பரில் கெட்டியான உலோகக் குமிழ்கள் பதித்திருக்கும். வழவழப்பான ஐஸுக்கு ஏற்றது. வயதானவர்களுக்கு இதையே வாங்கலாம்.

சங்கிலியும் நீண்ட முள்ளும் கொண்ட வகை: மலைப்பாதையில் நடப்பவர்களுக்கு. ஊருக்குள் போட்டு நடந்தால் காங்கிரீட்டில் தடுக்கும்.

குதிகாலில் மட்டும் மாட்டும் வகை: குனிந்து மாட்ட முடியாத மூட்டுவலிக்காரர்களுக்கு எளிது. ஆனால் முன்பாதத்துக்குப் பிடி இருக்காது.

ஊரில் இருந்தே வாங்கிப் போக வேண்டாம். காலின் அளவு இதற்கு உதவாது. அங்கே போடப் போகும் ஷூவின் வெளி அளவுக்குத்தான் கிளீட்ஸ் பொருந்த வேண்டும். ஷூவைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். மாட்டியபின் உதறிப் பார்த்தால் கழன்று விழக்கூடாது. ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும்.

கழற்றுவதும் முக்கியம்

பலர் தவறு செய்வது இங்கேதான். ஐஸில் காக்கும் அதே இரும்பு, டைல்ஸிலும் கிரானைட்டிலும் நம்மைச் சறுக்கிவிடும். பள்ளிவாசல் நுழைவு, கடை, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் எதுவானாலும் உள்ளே கால் வைக்கும் முன் கழற்றிவிட வேண்டும். பள்ளியில் எப்படியும் ஷூவைக் கழற்றத்தான் போகிறோம். ஒரு பிளாஸ்டிக் பையை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கிளீட்ஸை அதில் போட்டுவிட்டால் தரையும் நனையாது, பிறர் காலிலும் குத்தாது. நகரும் படிக்கட்டில் இதைப் போட்டு ஏறக்கூடாது. கார் ஓட்டும்போதும் கூடாது.

மாட்டும்போதும் கழற்றும்போதும் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒற்றைக் காலில் நின்று மாட்டுவதே ஒருவரை விழவைத்துவிடும். முதலில் முன்பாதத்தை நுழைத்து, பிறகு குதிகாலுக்கு இழுத்துவிட வேண்டும்.

பெண்கள் கவனிக்க: தரையைத் தொடும் அபாயாவின் ஓரமும் சேலையின் ஓரமும் முள்ளில் மாட்டும். கணுக்காலுக்குக் கீழே தொங்காதபடி மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி நடப்பது?

கிளீட்ஸ் போட்டாலும் நடையை மாற்றத்தான் வேண்டும். சிறு சிறு அடியாக, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி, முழங்காலை லேசாக மடித்து நடக்க வேண்டும். கைகளைப் பாக்கெட்டில் விடாமல் கையுறை போட்டு வெளியே வைத்திருந்தால் சமநிலை கிடைக்கும். காரில் இருந்து இறங்கும்போது இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிக் கதவைப் பிடித்தபடி எழுந்திருங்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐஸில் நடப்பதை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

வாசலில் உப்புத் தூவுவது நல்லது. உப்பு ஐஸை உருக்கும். ஆனால் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்பு அதிகம் வேலை செய்யாது. அப்போது மணல் தூவுவார்கள். கடும் குளிரும் மழையுமான இரவுகளில் வீட்டிலேயே தொழுதுகொள்ள நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே சலுகை இருந்ததையும் பெரியவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

ஒரு சறுக்கலின் விலை

இளைஞன் விழுந்தால் சிராய்ப்போடு போகலாம். 65 வயது அம்மா விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். அதன்பின் அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை. பேரப் பிள்ளையைத் தூக்கப் போனவரை மகள் தூக்கிவிட வேண்டிய நிலை வந்துவிடும். விசிட்டர் விசாவில் போகிறவர்களுக்கு ஒன்ராறியோ அரசின் இலவச மருத்துவத் திட்டம் பொருந்தாது. சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1 லட்சம் கனடா டாலர் மருத்துவக் காப்பீடு கட்டாயம். சாதாரண விசிட்டர் விசாவில் அந்தக் கட்டாயம் இல்லாததால் பலர் காப்பீடு எடுக்காமலே போய்விடுகிறார்கள். அங்கே ஆஸ்பத்திரிச் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும்.

அதனால் குளிர்நாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் இந்த வாரம் பேசும்போது "சாப்பிட்டியா?" என்று கேட்டதோடு நிறுத்தாமல், "காலுக்குக் கிளீட்ஸ் வாங்கிட்டியாப்பா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளே, அத்தா, அம்மா விமானம் ஏறும் முன்பே அவர்களுக்கான ஷூவையும் கிளீட்ஸையும் காப்பீட்டையும் தயார் செய்து வையுங்கள். விமான நிலையத்துக்கு அழைக்க வரும்போது அவற்றைக் கையோடு கொண்டு வாருங்கள். அவர்கள் ஐஸில் வைக்கும் முதல் அடி அந்த வாசலிலேயே இருக்கலாம்.

அல்லாஹ் நம் பெற்றோரையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.