அன்பளிப்பும் அதைக் கொடுக்கும் முறையும்

திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, பாட்டு நடுவே சற்று நின்று மைக்கில் ஒரு பெயர் ஒலிக்கும். இன்னார் மகன் இன்னார் கலைக்குழுவுக்கு 100 ரூபாய் அன்பளிப்பு என்று புலவர் அறிவிப்பார். வில்லின் மணிகள் ஒருமுறை குலுங்கும். சுடலைமாடன் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்போது கல்யாண வரவேற்பில் பாட்டுப் போடும் டி.ஜே.யின் மேசைக்கு வரும் நோட்டும் இந்த வகைதான்.

அன்பளிப்பு வேறு, சம்பளம் வேறு. கொடைக்கு முன்பே விழாக் கமிட்டியார் வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்துக் கலைஞர்களைப் பேசி முடிக்கிறார்கள். அது ஊர் வரியிலிருந்து வரும் பணம். அன்பளிப்போ பாட்டைக் கேட்டவர் மனம் நிறைந்து தன் பையிலிருந்து எடுப்பது. ‘கூட்டத்தில் நிறைய விழும்’ என்று சொல்லிப் பேசிய தொகையைக் குறைப்பது கலைஞரின் கூலியில் கைவைப்பதாகும். இது டி.ஜே.க்கும் பொருந்தும்.

அன்பளிப்பு ஒருவர் கையில் சேர்ந்தாலும் அது குழுவுக்கு உரியது. புலவரின் குரலுக்குப் பின்னால் உடுக்கை, குடம், தாளம், கட்டை என்று பல கைகள் விடிய விடிய உழைக்கின்றன. பங்கு பிரிக்கும் வழக்கம் குழுவுக்குக் குழு மாறும். ஆகவே ‘எல்லாருக்கும் சேர்த்து’ என்று சொல்லிக் கொடுப்பது நல்லது.

கொடுக்கும் முறைதான் இதில் பெரிய விஷயம். கரகாட்டம் ஆடும் பெண்ணின் உடையில் ஊக்கால் நோட்டுக் குத்துவதைப் பலர் பாராட்டு என்றே நினைக்கிறார்கள். அனுமதியின்றி மேலே கைபடுவது எத்தனை ரூபாயோடு வந்தாலும் அவமதிப்புதான். நையாண்டி மேளக் குழுவின் தலைவரிடம் கொடுத்தால் போதும். நோட்டைத் தலைக்கு மேல் வீசி இறைப்பதும் வேண்டாம். அதைக் குனிந்து பொறுக்க வேண்டியவர் கலைஞர். நோட்டுகளை மாலை கட்டவோ வாரி இறைக்கவோ கூடாது என்று ரிசர்வ் வங்கியும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கலைஞரை மதித்துக் கொடுக்கும் இந்த முறைக்குத் தமிழில் பழைய சாட்சி உண்டு. சங்ககால மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி, தன்னை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் புலவர் பெருஞ்சித்திரனார் ஏற்கவில்லை. தான் வணிகன் அல்லன் என்றும், மதித்துத் தருவது தினையளவானாலும் தனக்கு இனியதென்றும் அவர் சொன்னது புறநானூற்றின் 208ஆம் பாட்டு. முகம் பார்த்துக் கொடுப்பதே முறை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

டி.ஜே. ஒரு காதில் ஹெட்போனோடு அடுத்த பாட்டைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது நோட்டை நீட்டினால் கவனம் சிதறும். புதிய பாட்டு ஓடத் தொடங்கியதும் அருகே போகலாம். விருப்பப் பாட்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். மெல்லிசைக் கச்சேரிக் காலத்திலிருந்து வரும் பழக்கம்தான். ஆனால் பணம் கொடுத்ததாலேயே பாட்டு வந்தாக வேண்டும் என்றில்லை. வீட்டார் வேண்டாம் என்று சொன்ன பாட்டுகளும் அவரிடம் இருக்கும். இரவு 10 மணிக்கு மேல் ‘இன்னும் ஒரு பாட்டு’ என்று பணத்தைக் காட்டி வற்புறுத்துவது தவறு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி ஒலிக்கக் கூடாது.

மேலைநாட்டு மதுக்கூடங்களில் டி.ஜே. மேசையருகே காசு போட ஒரு ஜாடி இருப்பதுண்டு. இங்கே கியூஆர் அட்டை வந்துவிட்டது. அதில் அனுப்பினாலும் அருகே போய் ‘நல்லா இருந்துச்சுண்ணே’ என்று ஒரு வார்த்தை சொல்வது நல்லது. மதுவை அன்பளிப்பாக நீட்டவே கூடாது. அவர் மின்சாரக் கருவிகளோடு நிற்பவர், நள்ளிரவில் வண்டியோட்டி வீடு திரும்ப வேண்டியவர்.

சாப்பாடு மட்டும் அன்பளிப்புக் கணக்கில் வராது, அது விருந்து கொடுப்பவரின் கடமை. ஸ்பீக்கர் பெட்டி தூக்கும் பையன்கள் கடைசிப் பந்தியில் சாம்பார் தீர்ந்த பிறகு உட்காரும் நிலை பல மண்டபங்களில் உண்டு. மேடை சூடுபிடிக்கும் முன்பே அவர்களுக்கு இலை போட்டுவிட வேண்டும்.