கொழகொழப்பில் இருக்கிறது பலன்

கோதுமைத் தவிட்டில் இருக்கும் கரையாத நார் மலச்சிக்கலுக்கு நல்லது. சாப்பிட்டதும் ஏறும் ரத்தச் சர்க்கரையை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. அந்த வேலையைச் செய்வது தண்ணீரில் ஊறிக் கொழகொழப்பாகும் கரையும் நார். இசப்கோல் உமி, கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசின், ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான், வெந்தயத்தின் வழவழப்பு எல்லாம் இந்த வகை. கடையில் பொடியாகக் கிடைப்பவற்றில் இசப்கோல்தான் முதலிடம். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் இதை உலகுக்கே அனுப்புவது பெரும்பாலும் இந்தியாதான்.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உமியைக் கலக்கிச் சில நிமிடம் விட்டால் கூழாகிவிடும். வயிற்றிலும் இதுவே நடக்கிறது. உணவோடு கலந்த கூழ் இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்குகிறது. சிறுகுடலில் செரிமான நொதிகள் மாவுச்சத்தை எட்டவும், உடைந்த குளுக்கோஸ் குடல்சுவரை அடையவும் நேரமாகிறது. இட்லியோ சோறோ சாப்பிட்டபின் சர்க்கரை விறுவிறுவென ஏறாமல் நிதானமாக ஏறும்.

இந்தக் கொழகொழப்பே காரணம் என்று காட்டியவர் டேவிட் ஜென்கின்ஸ். 1978இல் அவரும் சக ஆய்வாளர்களும் பல வகை நார்களைக் குளுக்கோஸ் கரைசலோடு கொடுத்துப் பார்த்தார்கள். மிகக் கெட்டியாகும் குவாருக்கே அதிகப் பலன் இருந்தது; அதே குவாரைக் கெட்டியாகாதபடி சிதைத்துக் கொடுத்தபோது பலன் போய்விட்டது. தண்ணீரில் தெளிவாகக் கரைந்துவிடும் இனுலின், கோதுமை டெக்ஸ்ட்ரின் போன்ற பொடிகளை வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். டப்பாவில் ‘கரையும் நார்ச்சத்து’ என்று போட்டிருந்தாலும் அவற்றிடம் இந்த வேலையை எதிர்பார்க்க முடியாது.

பலன் எவ்வளவு? இசப்கோல் பற்றிய 35 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த அலசலில், டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 37 மில்லிகிராம் குறைந்திருந்தது. சர்க்கரை அதிகம் இருந்தவர்களுக்கே குறைவும் அதிகம். நோய் இல்லாதவர்களிடம் குறிப்பிடும்படி மாற்றமில்லை. ஆய்வாளர்களில் சிலர் இசப்கோல் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். எப்படியானாலும் இது மாத்திரைக்குத் துணைதான், மாற்று அல்ல.

நம் வீடுகளில் இசப்கோலை இரவு படுக்கும்போது குடிப்பதுதான் பழக்கம். அது காலைக்கடனுக்கு உதவும். மதியச் சோற்றின் சர்க்கரையைத் தடுக்க வேண்டுமானால், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால்தான் குடிக்க வேண்டும். ஆய்வுகளில் பெரும்பாலும் வேளைக்கு 5 கிராம் அளவில், நாளுக்கு இரண்டு வேளை கொடுத்தார்கள். எடுத்த எடுப்பில் அந்த அளவுக்குப் போனால் வயிறு உப்பும். கொஞ்சமாகத் தொடங்கிக் கூட்டுவது நல்லது. ஆரஞ்சுச் சுவைப் பொடிகள் சிலவற்றில் சர்க்கரையே கணிசமாக இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

உமியைக் கலக்கியவுடன் குடித்து, மேலும் தண்ணீர் குடிப்பது கட்டாயம். தண்ணீர் போதாவிட்டால் அது தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுவோரும், குடல் அடைப்பு இருந்தவர்களும், சர்க்கரை நோயால் இரைப்பை மந்தமானவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்ற மருந்துகள் உடலில் சேர்வதையும் இந்தக் கூழ் தாமதப்படுத்தும் என்பதால் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துவிட வாய்ப்புண்டு. முதல் சில வாரங்கள் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பார்த்து, அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.